பச்சை லில்லியின் முதல் குட்டி

சித்தெ காலை ஒதுக்குங்க தம்பி, உள்ள வந்துக்கறேன். அப்பாடா. இல்லீங்க, இதைக் கீழ வெக்க மாட்டேன். மேலயும் வெக்க மாட்டேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டுலயே கண்டக்டரு சொன்னாரு, தொட்டியக் கொண்டுபோயி இஞ்சின் மேல வைங்கன்னு. இஞ்சின் மேலயா! சூட்டுல வெந்து போயிராதுங்களா? என்ற மடியிலயே இருக்கட்டும், வேணும்னா இதுக்கும் ஒரு டிக்கெட்டு போட்டுக்குங்கன்னேன். மொறச்சுப் பாத்துட்டுப் போயிட்டாரு.

உங்களுக்கு எதுவரைக்கும்? கிணத்துக்கடவுங்களா? தோட்டமா? அட, அப்ப செடி கொடின்னா உங்களுக்குத் தெரியும். பேசறதுக்கு நல்லாருக்கும். நான் பொள்ளாச்சி போறனுங்க. பேரு நாச்சிமுத்து. சிங்காநல்லூர்ல மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை. இப்ப மகன் பாத்துக்கறான். என்ற ஊட்டுக்காரி போயி அஞ்சாறு வருசமாச்சு. அதுக்கப்பறம் எனக்கு இந்தப் பூவுதான்.

காகிதத்துக்குள்ள என்னன்னு பாக்கறீங்க. இப்பத் தெறக்க மாட்டேன், காத்தடிக்குது. ஒடிஞ்சு கிடிஞ்சு போச்சுன்னா நான் பஸ்ஸுலயே உசுர விட்டுருவேன். பொறகு காட்டறேன். மொதல்ல கதையைக் கேளுங்க.

கிழங்குப்பூ மன்றம்னு ஒண்ணு கோயமுத்தூர்ல இருக்குது, கேள்விப்பட்டிருக்கறீங்களா? இல்லையா? அதை யாருமே கேள்விப்படலீங்க. மொத்தமே ஒரு இருவது பேரு. ரோஜா, மல்லிகையெல்லாம் வளத்தா உள்ளயே சேத்த மாட்டாங்க. மண்ணுக்குள்ள கிழங்கு இருக்கோணும், அதுல இருந்து பூ வரோணும், அந்தப் பூவைப் பாத்தா பக்கத்து ஊட்டுக்காரன் 'இதென்னடா கருமம்'னு கேக்கோணும். அப்பத்தான் மெம்பரு. எங்கள்ல ஒருத்தரு பல் டாக்டரு, விசாகன்னு பேரு. டூலிப் வளக்கறாரு. கோயமுத்தூர்ல டூலிப்பு! அதுக்குக் குளுரு வேணுமாமா, கிளினிக்குல ஃபிரிஜ்ஜுக்குள்ள வெச்சிருக்கறாரு. மருந்தெல்லாம் வெளிய கெடக்குது, கிழங்கு உள்ள கெடக்குது. பூத்துச்சுங்களான்னு கேட்டா இலை வந்திருக்குதும்பாரு. வருசா வருசம் இலைதான் வருது.

சிரிக்காதீங்க, எங்களுக்கும் சட்டதிட்டமெல்லாம் இருக்குது. அடுத்தவங்க செடியத் தொடக்கூடாது. நோவு ஒட்டிக்குமுங்க. பூவைப் பாக்கப் போனா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் பாக்கோணும். நாங்க இருவது பேரும் ஒரு தொட்டியச் சுத்தி அப்படி நின்னம்னு வெச்சுக்குங்க, போலீஸ்ல புடிச்சுட்டுப் போறாங்களோன்னு தோணும். தொட்டுப் பாக்கற உரிமை நடுவருக்கு மட்டுந்தான்.

அப்பறம் முதல் குட்டி. அதுதான் பெரிய சமாச்சாரம். தாய்க்கிழங்கு பக்கத்துல குட்டி விடும் பாருங்க, அந்த முதல் குட்டிய விக்கக்கூடாது. மன்றத்துல ஒருத்தருக்குக் குடுக்கோணும். யாருக்குன்னு குடுக்கறவங்க இஷ்டம். வாங்கினவன் அதைப் பூக்க வெச்சு, வருசக் கண்காட்சியில குடுத்தவங்க முன்னால கொண்டுபோயி வெக்கோணும். செத்துப் போச்சுன்னு வைங்க, ஒரு வருசம் பூரா கூட்டத்துக்குக் காலித் தொட்டியோட வரோணும். மடியில வெச்சுக்கிட்டு உக்காரோணும். எல்லாத்துக்கும் முன்னாடி! போன வருசம் ஒரு வக்கீலு அப்படி உக்காந்தாரு. கோர்ட்டுல புலியாட்டம் பேசற மனுசன், எங்க கூட்டத்துல பூனையாட்டம் இருந்தாரு.

இப்பக் கேளுங்க. எங்க மன்றத்துல அமராவதி மேடம்னு ஒருத்தர் இருக்கறாங்க. பொள்ளாச்சி. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. அவங்கதான் நடுவரு. வெவரமுன்னா வெவரம், அப்படி ஒரு வெவரம். ஊட்டுல தனியாத்தான் இருக்கறாங்க. கல்யாணமே பண்ணிக்கல. அது நமக்கெதுக்கு, சும்மா சொன்னேன்.

அவங்க மேல எனக்கு ஒரு குறை உண்டு தம்பி. மன்றத்துல அத்தனை பேரையும் அண்ணா, அண்ணாம்பாங்க. பல் டாக்டரு அவங்களை விடச் சின்னவரு, அவரையும் 'விசாகண்ணா'ம்பாங்க. என்னை மட்டும் ஒருக்காகூட அண்ணான்னது கிடையாது. 'ஏனுங்க'. அவ்வளவுதான். 'ஏனுங்க, அந்தத் தொட்டியச் சித்தெ புடிங்க.' 'ஏனுங்க, காப்பி குடிச்சீங்களா?' எனக்கு ஒரு பேரு இல்லைங்களா? ஒரு முறை இல்லைங்களா? காயில் கட்டறவன்தானேன்னு ஒரு எளக்காரம். அப்படித்தான் நான் நெனச்சுக்குவேன்.

அதென்ன சிரிப்பு? நீங்க நல்ல ஆளுங்க, குறை சொன்னா சிரிக்கறீங்க.

அவங்ககிட்ட ஒரு பச்சை லில்லி இருக்குது. பூவே பச்சை. நம்ம கோயில் கொழா ஸ்பீக்கரு இருக்குதில்லீங்களா, அந்த வாட்டத்துல, அம்மாம் பெருசு. அது ரொம்ப நாளாக் குட்டியே விடல. போன ஐப்பசிக் கூட்டத்துக்கு வந்தாங்க, கைப்பையில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாங்க. முதல் குட்டி! பல் டாக்டரு சேரோட முன்னால நகந்து உக்காந்துட்டாரு. வக்கீலு தொண்டையச் செருமறாரு. இவங்க நேரா எங்கிட்ட வந்து, 'ஏனுங்க, இதை நீங்க வெச்சுக்குங்க'ன்னாங்க. ரெண்டு கையையும் வேட்டியில தொடச்சுக்கிட்டு வாங்கினேன். எனக்கு எதுக்குக் குடுத்தாங்கன்னு இன்னிவரைக்கும் தெரியலீங்க. ஊட்டுக்குப் போற வழியில தெரிஞ்சவன் தெரியாதவன் அத்தனை பேருகிட்டயும் சொன்னேன். பெட்ரோல் பங்க்குல சொன்னேன். அவன் 'எவ்வளவுக்குங்க போடட்டும்'னு கேக்கறான்.

சரி, குட்டிய வாங்கினா ஒடனே நடக்கூடாது. தாயில இருந்து பிரிச்ச காயம் ஆறோணும். ரெண்டு நாளு நெழல்ல, காத்தோட்டமா வெக்கோணும். என்ற ஊட்டுல காத்தோட்டமான எடம் எதுங்க? சமையக்கட்டு. வெங்காயக் கூடை ஜன்னலுக்கிட்டத்தான் இருக்கும், அதுக்கு மேல பத்திரமா வெச்சேன். பத்திரமாத்தான் வெச்சேன்.

அந்த நேரம் பாத்து மருமக அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்துச்சு. கோபியில இருந்து எங்கக்கா வந்தா. நஞ்சம்மாள். 'நான் இருக்கறப்ப ஓட்டல் சோறு எதுக்குடா'ன்னு சாம்பார் வெச்சா. ஐயோ, அந்தச் சாம்பாரு! வாயில வெச்சா ஒரே கசப்பு. அக்கா மனசு நோகக்கூடாதுன்னு நானும் மகனும் தின்னு தொலைச்சோம். அவளும் தின்னா. அப்பறம் பாருங்க வாந்தி! பாத்ரூம் வாசல்ல மூணு பேரும் வரிசையில நிக்கறோம். அக்கா வயசுல மூத்தவன்னு அவளுக்கு மொத எடம். டாக்டரு வந்து ஊசி போட்டுட்டு, சாப்பாட்டுல என்னமோ சேந்திருக்குதுன்னாரு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. புளி! அக்கா கோபியில இருந்து கொண்டாந்த புளி! அவ கண்ணு முன்னாடியே அம்புட்டையும் அள்ளிக் குப்பையில கொட்டினேன். 'என்ற தோட்டத்துப் புளியையா கொட்டற'ன்னு அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டா. இன்னும் பேசறதில்லை. பேசாட்டிப் போறா, கெட்ட புளியக் கெட்ட புளின்னுதானே சொல்லோணும்?

கெட்டதுலயும் ஒரு நல்லது, என்ற குட்டி தப்பிச்சுது. எந்திரிச்சு நடமாடறதுக்குத் தெம்பு வந்ததும் மொத வேலையா ஓடிப்போயிப் பாத்தேன். கூடை மேலயே இருந்துச்சு. கொஞ்சம் செவந்த மாதிரி இருந்துச்சு. காஞ்சா செவக்குமுங்க. தோலுகூட ரெண்டு உரிஞ்சிருந்துச்சு. 'உனக்கு ஒண்ணும் ஆகலையே சாமி'ன்னு கண்ணுல ஒத்திக்கிட்டு நட்டேன்.

ஏன் ஒரு மாதிரியாப் பாக்கறீங்க? தண்ணி வேணுங்களா? எங்கிட்ட பாட்டில் இருக்குது. சரி, வேண்டாம்னா விடுங்க.

நட்டதுக்கப்பறம் நான் பாத்த பாடு இருக்குதே! சல்லடையில சலிச்ச செம்மண்ணு, ஆத்து மணலு, மக்குன சாணி. வெயிலு ஏறினா நானே நெழலுக்குத் தூக்கிக்கிட்டுப் போவேன். பட்டறையில இருந்து ஒரு சின்ன மோட்டாரை எடுத்து, காயில் கட்டி, காத்தாடி பண்ணி வெச்சேன், தென்றலாட்டம் வீசறதுக்கு. சொந்தக்காரங்க ஊட்டுக் கல்யாணத்துக்குக்கூட தொட்டியோடதான் போனேன். தாலி கட்டற நேரத்துல எல்லாரும் அட்சதை போடறாங்க, நான் செடி மேல அரிசி உழுந்துரக்கூடாதுன்னு துண்டை விரிச்சுக்கிட்டு நிக்கறேன்.

இலை வந்துச்சு பாருங்க, பச்சைப் பசேல்னு. ஆனா தாய்க்கு இலை பட்டையா, இடுப்புப் பெல்ட்டாட்டம் இருக்கும். இதுக்குக் கொழாயாட்டம் உருண்டையா, உள்ள ஒண்ணுமில்லாம வருது. 'ஏப்பா, வெங்காயத்தாளாட்டம் இருக்குது'ன்னான் என்ற மகன். அவனுக்கு என்ன தெரியும்? வெங்காயமும் கிழங்கு, இதுவும் கிழங்கு, பங்காளிக தானே, சாடை இருக்கத்தான் செய்யும்னேன். கிட்ட வந்து கிள்ளிப் பாக்கறேன்னான். கையை ஒடிச்சுப்போடுவேன்னேன். வாசம் வருதான்னு மோந்து பாருப்பாங்கறான். எனக்கு ஏது மூக்கு? அந்தக் கொரோனாக் காய்ச்சல்ல போனதுங்க, இன்னும் திரும்பி வரல. மல்லிகையும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான்.

தை மாசம் நடுவுல ஒரு தண்டு கெளம்புச்சு. மேல ஒரு மொட்டு. வெடிச்சா... தம்பி, நான் என்னன்னு சொல்லுவேன்! வெள்ளை வெளேர்னு, பந்தாட்டம் உருண்டையா, குட்டிக் குட்டி நட்சத்திரமா நூத்துக்கணக்குல! தாய்க்குப் பச்சை, குட்டிக்கு வெள்ளை. தாய்க்கு ஸ்பீக்கரு, குட்டிக்குப் பந்து. பல் டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன். 'இது மியூட்டேஷன்! லட்சத்துல ஒண்ணு!'ன்னு பதில் போட்டாரு. நான் அப்படியே மொட்டை மாடியில ஒரு சுத்துச் சுத்தி ஆடினனுங்க. எதுத்த ஊட்டு அம்மா பாத்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

நேத்துத்தான் கண்காட்சி. இருவது பேரும் என்ற தொட்டியச் சுத்தி, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கறாங்க. 'அபூர்வம்'னாரு வக்கீலு. எனக்கு அவங்க அபூர்வமெல்லாம் வேண்டாமுங்க. அமராவதி மேடம் ஒரு வார்த்தை சொல்லோணும். அவங்க நம்பிக் குடுத்தாங்க, நான் காப்பாத்திட்டேன்னு அவங்க வாயால வரோணும். வேறென்ன வேணும் எனக்கு? ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

வந்தாங்க. மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சாங்க. நடுவராச்சே, இலையத் தொட்டாங்க. நுனியிலே லேசாக் கிள்ளினாங்க. விரலை மூக்குக்கிட்ட கொண்டுபோனாங்க. என்னைப் பாத்தாங்க. தொட்டியப் பாத்தாங்க, நான் பண்ணி வெச்ச காத்தாடியப் பாத்தாங்க. அப்பறம், தம்பி, கண்ணுல தண்ணி! பொலபொலன்னு! சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க, தோளெல்லாம் குலுங்குது. தேம்பறாங்க! ஒரு பூவுக்காக அப்படித் தேம்பின மனுசியை நான் பாத்ததில்லை. எனக்கும் அழுகை வந்துருச்சு. பல் டாக்டரு ரெண்டு பேருக்கும் தண்ணி குடுத்தாரு.

அப்பறம் மைக்கைப் புடிச்சுச் சொன்னாங்க. 'இந்த மாதிரிப் பூவை நான் எந்தக் கண்காட்சியிலயும் பாத்ததில்லீங்க. ஒரு கிழங்கை இத்தனை அக்கறையா வளத்த மனுசனையும் பாத்ததில்லீங்க.' தனிப் பரிசு, கப்பு! கைதட்டுன்னா கைதட்டு. பல் டாக்டரு மூஞ்சியப் பாக்கோணுமே!

இன்னிக்குக் காலையில போன் பண்றாங்க. 'ஏனுங்க, மதியம் பொள்ளாச்சிக்கு வாங்க, இங்கயே சாப்பிடலாம். அந்தச் செடியையும் எடுத்துட்டு வாங்க'ன்னாங்க. அன்னிக்கு மூணு பேரும் வாந்தி எடுத்த கதைய மறுபடி ஒருக்காச் சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. குட்டிய எங்க காய வெச்சீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். சிரிப்பு அடக்க முடியல அவங்களுக்கு. 'சாம்பார் வெக்கட்டுங்களா?'ன்னு கேட்டுட்டு மறுபடியும் சிரிக்கறாங்க. ஒரு மனுசன் வாந்தி எடுத்ததுல என்ன சிரிப்புன்னு எனக்குக் கோவந்தான்.

அதை விடுங்க. கடைசியா ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகல. பச்சை லில்லி ரெண்டாவது குட்டி விட்டிருக்குதாமா. அதையும் எனக்கே தர்றாங்களாமா. ஆனா என்ற ஊட்டுக்குக் குடுத்தனுப்ப மாட்டாங்களாமா. 'இது இங்கயே இருக்கட்டுமுங்க. நீங்க தினமும் வந்து தண்ணி ஊத்துங்க'ங்கறாங்க. எப்படி இருக்குது! சிங்காநல்லூர்ல இருந்து பொள்ளாச்சிக்கு தினமும் பஸ் ஏறி வந்து ஒரு தொட்டிக்குத் தண்ணி ஊத்தோணுமா? அவங்க ஊட்டுல பைப் இல்லைங்களா? அவங்களுக்குக் கை இல்லைங்களா? ஒரு பூ பூக்க வெச்சுக் காட்டின பொறகும் என்ற மேல நம்பிக்கை இல்லை பாருங்க. இதை நேருலயே கேட்டுப்போடறதுன்னுதான் போறேன். இந்தச் சட்டைகூட அதுக்குத்தான் புதுசா எடுத்தது. காலையில கடை தெறக்கறதுக்கு முன்னாலயே போயி நின்னேன்.

மறுபடியும் சிரிக்கறீங்க. வவுறு வலிக்குதுங்களா என்ன, அப்படிக் குனியறீங்க?

ஏய்! ஏய்! தம்பி, அங்க பாருங்க! ஜன்னலுக்கு வெளிய! அந்தத் தோட்டத்துல! திருட்டுப் பசங்க! என்ற பூவு! ஐயோ, ஒரு ஏக்கராவுக்கு நட்டு வெச்சிருக்கறாங்களே! வெள்ளை வெளேர்னு, பந்து பந்தா! எவன் குடுத்தான் இவங்களுக்கு? பல் டாக்டரு! போட்டோவ அனுப்பிச்சுப் போட்டாரு! இருங்க, காகிதத்தைப் பிரிக்கறேன். பாருங்க, இது, அது. ரெண்டும் ஒண்ணா இல்லைங்களா?

என்னங்க?

வெங்காயமா? எது? அந்தத் தோட்டமா? விதைக்கு விட்ட வெங்காயமா? விளையாடாதீங்க தம்பி. உங்க தோட்டத்துலயும் இருக்குதா? உங்கப்பாரே போடறாரா?

சரி. தொடுங்க. என்ற செடிதானே, நான் சொல்றேன், தொடுங்க. கிள்ளுங்க. நல்லாக் கசக்கி மோந்து பாத்துச் சொல்லுங்க.

...கண்ணைத் தொடைங்க. தொடைங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

அப்ப நான் சலிச்ச மண்ணு, காத்தாடி, கல்யாணத்துல புடிச்ச துண்டு... எல்லாம் சந்தையில கிலோக் கணக்குல விக்கறதுக்கா? ஐயோ, அப்ப அந்தக் குட்டி? அமராவதி மேடத்தோட பச்சை லில்லிக் குட்டி எங்க? ...அடக் கடவுளே. சாம்பாரு. அக்கா அதை வெங்காயம்னு சாம்பாருல போட்டு வேக வெச்சு, மூணு பேரும் தின்னு... ஐயோ அக்கா! பாவி நான், அவ புளியக் குப்பையில கொட்டினனே! நல்ல புளி! அழுதுக்கிட்டே போனாளே!

கண்டக்டர்! கிணத்துக்கடவுல நிறுத்துங்க, நானும் எறங்கறேன். அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிப் போயிடறேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க முன்னால போயி நிப்பேன்? நேத்தே தெரிஞ்சிருக்குது அவங்களுக்கு. கிள்ளினப்பவே தெரிஞ்சிருக்குது. தேம்பலயா அவங்க! சிரிச்சிருக்கறாங்க! அத்தனை பேரு முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஒரு வருசம் காலித் தொட்டியோட உக்காந்திருக்கோணும். சொல்லல. கப்பு குடுத்தாங்க. அவங்க சொன்னதுல ஒரு பொய்யும் இல்லை, பாத்தீங்களா? இத்தனை அக்கறையா வளத்த மனுசனைப் பாத்ததில்லைன்னாங்க.

இருங்க. நேத்துத் தெரிஞ்சுது. காலையிலதான் கூப்பிட்டாங்க. தெரிஞ்ச பொறகு கூப்பிட்டிருக்கறாங்க. சாப்பிட வாங்கன்னு. அவங்க பச்சை லில்லியத் தின்னுப்போட்டு வெங்காயத்தைக் கொண்டாந்து வெச்சவனை, ரெண்டாவது குட்டியும் உங்களுக்குத்தான்னு... தினமும் வாங்கன்னு... ஏனுங்கன்னு...

ஏனுங்க.

தம்பி, உங்க ஊட்டுல உங்கம்மா உங்கப்பாரை எப்படிக் கூப்பிடுவாங்க?

ம்ம். என்ற ஊட்டுக்காரியும் என்னை அப்படித்தான் கூப்பிடுவா.

அட, நான் ஒரு மடையன். நீங்க அப்பறம் சிரிக்காம என்ன பண்ணுவீங்க! சிரிங்க, நல்லாச் சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது, தொட்டி குலுங்குது பாருங்க. அமராவதி! கணக்கு டீச்சரம்மா, ஒரு வருசமாக் கணக்குப் போட்டுக்கிட்டே இருந்திருக்குது, இந்த மண்டைக்குத்தான் ஏறல. நாளைக்கு மொத வேலை, கோபிக்குப் போயி அக்கா காலுல உழுந்து, அவளையும் கூட்டிக்கிட்டு வரோணும். புளியோட.

என்னங்க கண்டக்டர்? கிணத்துக்கடவா? இல்லீங்க, நான் எறங்கலை. பொள்ளாச்சிக்குத்தான் டிக்கெட்டு எடுத்திருக்கறேன், பொள்ளாச்சிக்கே போறேன். இந்தத் தம்பிதான் எறங்கறாரு. போயிட்டு வாங்க தம்பி, பாத்து எறங்குங்க. இருங்க, இருங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. இந்தச் சட்டை எனக்கு எடுப்பா இருக்குதுங்களா? அப்பறம், பொள்ளாச்சிக்கு மாசப் பாஸ் எங்க குடுக்கறாங்க?